மாமாவின் குரல் இருந்த லேப்டாப்

மாமனாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை, அதன்பின் குரல் இருக்காது என்று முடிவானபோது அந்தக் குடும்பத்தில் அழாமல் இருந்தவள் மருமகள் ஒருத்திதான். கணவன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. பழைய லேப்டாப்பை மேசையில் வைத்து, மைக்கை மாட்டி, மாமனாரை எதிரே உட்காரவைத்தாள்.

"பேசுங்க மாமா."

அவர் காய்கறி மார்க்கெட்டில் ஏலக்காரர். அவர் குரல் எழும்பினால், கடைசி வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவனும் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். அப்பேர்ப்பட்டவர் அந்தப் பெட்டியின் முன் வாயைத் திறக்கப் புதுப்பெண்ணைப் போலக் கூச்சப்பட்டார். அவள் கெஞ்சினாள், அதட்டினாள். அன்றாடத்துக்கு வேண்டிய வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கினாள். "சரி", "வேண்டாம்", "வலிக்குது", "ஏம்மா, இங்க வா." மகனிடம் சொல்ல, "சாப்பிட்டியாடா?" கடைசியில் அவர் ஆசைக்கு ஒரு முழு ஏலக் கூவல். பிசிறடித்தவற்றை அழித்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொண்டாள். அறுவைக்குப் பிறகு குரல் போய்விட்டது. ஆனால் ஒரு விசைக்கு ஒரு வார்த்தை என்று லேப்டாப்பில் அவர் குரல் இருந்தது. தட்டினால் அவரே பேசுவார்.

கெடுத்தது லேப்டாப்பின் வயசு. விசையைத் தட்டி, அது யோசித்து, மூச்சு வாங்கிப் பேசுவதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். பார்க்க வந்த பழைய வியாபாரி ஒருவர், "காபி சாப்பிடலாமா?" என்று கேட்டு, பதில் வராமல், "சரி, உடம்பு தேவலையா?" என்று அடுத்த கேள்விக்குப் போனபோது, "வேண்டாம்!" என்று கணீரென்று வந்தது. வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமனாரும் சிரித்தார். ஆனால் அதன்பின் யாராவது வந்தால் லேப்டாப்பை மூடி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். மருமகளுக்கு அது பொறுக்கவில்லை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவள். லென்ஸை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் அசைத்தே பவர் சொல்லிவிடுவாள் என்பதால் கடையில் அவள் பெயரே 'பவர்'. கல்லாவில் உட்காரும் அண்ணன்தான் வழி சொன்னார்.

"விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுப் பாரு பவரு. காசே கிடையாது. செத்த லேப்டாப்பெல்லாம் எந்திரிச்சு ஓடுது."

அவள் எதையும் அவசரமாகச் செய்பவள் அல்ல. வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவில் குரல் பதிவுகளை முழுதாகப் பிரதி எடுத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டைப் போட்டும் கேட்டாள். கைப்பையின் உள்ஜிப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மதியம் கடைக் கணினியில் லினக்ஸை இறக்கி, நிறுவுவதற்கான பென் டிரைவ் தயாரித்தாள். அந்த உள்ஜிப்பிலிருந்த அதே பென் டிரைவ்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 'இதில் உள்ளவை அனைத்தும் அழியும். தொடரலாமா?' என்று கேட்டது. லென்ஸ் வெட்டும் இயந்திரமும் ஒவ்வொரு புது ஃபிரேமுக்கும் இதையேதான் கேட்கும்: முந்தைய வடிவம் அழியும், தொடரலாமா? நாள் முழுக்க 'ஆம்' அழுத்திப் பழகிய விரல். கண் படிப்பதற்கு முன் அழுத்திவிட்டது.

அன்று மாலை வீட்டில் லேப்டாப் கேட்டது: ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவட்டுமா? இதை மட்டும் அவள் நிதானமாகப் படித்தாள். பிரதிதான் இருக்கிறதே என்று 'ஆம்' கொடுத்தாள். திரையில் பாதிக்கு மேல் நகர்ந்த பட்டை நின்றது. பிறகு, நிறுவல் தோல்வி என்றது. அணைத்துப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே வரி: இயக்க எதுவும் இல்லை.

"என்னாச்சு?" என்பதுபோல மாமனார் கையை விரித்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. நாளைக்கு அண்ணன்கிட்ட கேட்டுச் சரிபண்ணிடறேன்."

மறுநாள் அண்ணன் விஷயத்தைக் கேட்டதுமே சொன்னார்: "பழைய மாடல்ல இது சகஜம். பயாஸ்ல ஒரு செட்டிங் மாத்தணும். மாத்திட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு, குதிரை மாதிரி ஓடும். எங்க, பென் டிரைவைக் காட்டு."

செருகினார். திரையில் லினக்ஸின் கோப்புகள் மட்டும் வந்தன. அவள் குரல் பதிவுகளின் ஃபோல்டரைத் தேடினாள். மேலே போனாள், கீழே வந்தாள்.

"அண்ணா, இதுலதான் அவர் குரலை வெச்சிருந்தேன்."

அண்ணன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் கிண்டல் அன்று வரவில்லை. பென் டிரைவை உருவிக்கொண்டே, "அப்போ இன்ஸ்டால் பண்ணாதே," என்றார். "செட்டிங்கை மாத்திப் போட்டா லேப்டாப் ஓடிடும். ஆனா மிச்சம் மீதி இருக்கிறதுமேலயும் எழுதிடும். ஹார்ட் டிஸ்க்ல பழசு கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கலாம். தோண்டிப் பாக்கலாம். கிடைச்சா உண்டு."

சரிசெய்யத் தெரிந்தும் சரிசெய்யக் கூடாது. இதை அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? அன்று அவள் வெட்டிய லென்ஸ் ஒன்று ஃபிரேமில் உட்காரவில்லை. அவள் கையில் அப்படி நடந்ததாகக் கடையில் யாருக்கும் நினைவில்லை.

வீட்டுக்குப் போனால் மாமனார் செத்துப்போன லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு விசையைத் தட்டிவிட்டு அவளைப் பார்த்தார். மறுபடி தட்டினார். அவள் செருப்பைக் கழற்றாமலே நின்று சொல்லிவிட்டாள். பிரதி எடுத்ததையும், அதை அழித்ததையும், ஹார்ட் டிஸ்க்கை அழித்ததையும், எதையும் விடாமல்.

"ஓட வெச்சிடலாம் மாமா. ஆனா ஓட வெச்சா உங்க குரல் சுத்தமா போயிடும்."

அவர் பக்கத்திலிருந்த செய்தித்தாளை இழுத்து அதன் ஓரத்தில் எழுதினார்: எல்லாமா?

"தெரியல மாமா."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த டம்ளர்களையெல்லாம் மறுபடி கழுவினார். தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது. திட்டுவதற்குக்கூட அவரிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் செய்துவிட்டோமே என்று அவள் வெளியறையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், கிடைப்பதைச் சேமிக்கத் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றோடு வந்தார். லினக்ஸை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டார். அழிந்த கோப்புகளைத் தேடும் நிரலைக் கிளப்பிவிட்டு, "ஏலக்காரரே, இது மெதுவாத்தான் போகும். உங்க மார்க்கெட் மாதிரி கத்தினா வேகமாகாது," என்றார். மாமனார் சிரிக்கவில்லை. அண்ணன் மருமகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் தேடல் முடிந்தபோது கோப்புகள் வந்திருந்தன. பெயர் எதற்கும் இல்லை, வெறும் எண்கள். எது என்ன என்று போட்டுக் கேட்டால்தான் தெரியும். அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப்போட்டு முதலாவதை ஓடவிட்டாள்.

"சரி."

அவர் குரல். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்ததில் கரகரப்பு மட்டும். அதற்கடுத்ததில், "ஏம்மா, இங்க வா." பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவளுக்கு எழுந்திருக்க உடம்பு பதறியது. ஏலக் கூவல் வந்தது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று எழும்பி, அங்கேயே அறுந்தது. மகனுக்கான "சாப்பிட்டியாடா"வில் "சாப்" மட்டும் இருந்தது. "வலிக்குது" வரவே இல்லை.

பதிவு செய்த அன்று அவள் அழித்த பிசிறுகளும் வந்து நின்றன. ஒன்றில் அவர் எரிச்சலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெட்டிகிட்ட எதுக்கும்மா பேசணும்? உன்கிட்ட பேசறேன், அது கேட்டுக்கட்டும்."

மாமனாரின் தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறெதுவுமா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்ததைப் போட்டாள்.

இதில் அவள் குரல்தான் இருந்தது. "கோவமா சொல்லாதீங்க மாமா. சாதாரணமா சொல்லுங்க. இப்ப 'வேண்டாம்'னு சொல்லுங்க." அதோடு கோப்பு முடிந்தது. அவள் மறுபடி போட்டாள். மறுபடியும் அவளே கேட்டாள், அவர் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா," என்றாள். இத்தனை நாள் வராத அழுகை இப்போது வந்து தொலைத்தது. "என்மேல கோவம்னா எழுதியாவது திட்டிடுங்க."

அவர் செய்தித்தாளைத் தேடவில்லை. அவள் கையை மவுஸிலிருந்து நகர்த்திவிட்டு, திரையில் இன்னும் கீழே நீண்டுகொண்டிருந்த எண்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடுத்ததைத் தானே அழுத்தினார்.

லேப்டாப்புக்குள்ளிருந்து அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இருவரும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.