கமா தீர்ந்த நாள்

கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சாபீசில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். எழுத்துக் கோர்க்கிற வேலை இல்லை, பிரித்துப் போடுகிற வேலை. அச்சடித்து முடிந்த பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவி, ஈய எழுத்து ஒவ்வொன்றையும் எடுத்து மரப்பெட்டியில் அதனதன் அறையில் போட வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் பெட்டியில் எந்த எழுத்துக்கு எந்த அறை என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஈயத்தில் எழுத்து திரும்பி இருக்கும். எனக்கு அதுதான் பழக்கம். காகிதத்தில் நேராகப் பார்த்தால்தான் தடுமாறும். அந்த ஏழு வருஷத்தில் ஒரு எழுத்தை நான் இடம் மாற்றிப் போட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிச் சாய்த்து ரோட்டை மறித்த வாரம் அது. பஸ் இல்லை. எலவனாசூர்கோட்டையிலிருந்து எழுத்துக் கோர்க்க வருகிற கம்போசிட்டரால் வர முடியவில்லை. முதலாளி பாய் சைக்கிளில் ஆள் அனுப்பினார். "அவசர வேலையாம். நீதான் வரணும்னாரு" என்றான் வந்தவன். 'நீதான்' என்ற சொல்லுக்கு நான் மயங்கிப் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் மகனுக்கு அப்போது ஏழு மாசம். மற்ற நாளில் அவனையும் தூக்கிப் போய், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் தூளி கட்டிப் போடுவேன். அன்று ரோட்டில் கல்லும் தடியுமாக இருந்ததால் கைக்குழந்தையோடு போகப் பயம். வீட்டுக்காரர் லாரியோடு எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்து, "உச்சிக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ரிஷிவந்தியம் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நடந்து போனேன்.

பாய் ஷட்டரை இடுப்பளவு தூக்கி என்னை உள்ளே விட்டார். நான் நிமிர்வதற்குள் அவர் தம்பி வெளியே பூட்டிவிட்டான்.

"தெறந்து கெடந்தா கல்லு வுழும், தங்கச்சி. வேல முடிஞ்சாத்தான் தெறப்பான். அப்பப்ப வந்து தட்டுவான், நாம கொரல் குடுக்கணும். நடுவுல தெறக்க மாட்டான்."

"நான் உச்சிக்கு வூட்டுக்குப் போவணும், பாய்."

"அதுக்குள்ள முடிஞ்சிடும்."

உள்ளே ஒரு இங்கிலீஷ் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். இட ஒதுக்கீடு கேட்டு அதிகாரிகளுக்குக் கொடுக்க அவர்கள் சங்கம் எழுதிய மனு அது, நாலு பக்கம். கம்போசிட்டர் முன்பே கோர்த்து வைத்துவிட்டான். பிழை பார்க்க அடித்து வாத்தியார் கையில் இருந்த புரூஃப் முழுக்கச் சிகப்பு மை.

"எந்த எழுத்தும் தப்பு இல்ல. கமாவப் பாரு. தேவையான எடத்துல இல்ல, தேவையில்லாத எடத்துல இருக்குது."

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் கம்போசிட்டருக்குக் கமா என்றால் சந்து அடைக்கிற சாமான். வரி குறைந்தால் ஒரு கமாவைப் போடுவான், முட்டினால் ஒன்றைப் பிடுங்குவான். கல்யாணப் பத்திரிகையில் யாரும் கேட்டதில்லை. அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் சும்மா இருந்தேன்.

வாத்தியார் விரல் வைத்த இடத்தில் நான் கமாவைச் செருகினேன். ஒன்றைச் செருகினால் வரி பிதுங்கும். பிறகு சொல்லுக்குச் சொல் இடைவெளியைக் குறைத்து வரியை அடக்க வேண்டும். ஒரு பக்கம் முடிக்கவே வெகுநேரம் ஆனது. மின்விசிறி ஓடவில்லை. பின்பக்கம் கம்பி போட்ட சின்ன ஜன்னல்; அதில் கல்வராயன் மலை தெரியும், வெயில் போகிற போக்கும் தெரியும். தம்பி வந்து ஷட்டரைத் தட்டினான். "இன்னும் முடியலடா" என்றார் பாய். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

உச்சி தாண்டியபோது எனக்குப் பால் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்து, முந்தானையும் நனைந்தது. காகிதக் கட்டுக்குப் பின்னால் போய், மை துடைக்கிற துணியில் பீய்ச்சிவிட்டு வந்தேன். இரண்டு ஆண்களும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது ஒம் புள்ளைக்கும் சேத்துத்தாம்மா" என்றார் வாத்தியார், மனுவைக் காட்டி.

"எம் புள்ளைக்கு இப்பப் பால் வேணும், சார்."

அவர் அடுத்த பக்கத்தின் புரூஃபை எடுத்து வைத்தார்.

நாலாம் பக்கத்தில் ஊர்ப் பெயர்கள். மணலூர்பேட்டை முதற்கொண்டு வரிசையாக ஊர், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கமா. பாதிப் பக்கத்தில் கமா அறை காலி. இங்கிலீஷ் எழுத்து எங்களிடம் எப்போதும் கம்மி. வாங்கி வர ரோடு இல்லை. தமிழ்ப் பெட்டிக் கமாவை வைத்துப் புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இது தடிச்சிருக்குது."

"கமா கமாதான், சார்" என்றார் பாய். "அதுல தமிழ் இன்னா, இங்கிலீஷ் இன்னா?"

"உங்களுக்குத் தெரியாது, பாய். போன தடவ ஒரு ஆபீசர், நாங்க நின்னுக்கினு இருக்கறப்பவே பேனாவ எடுத்து எங்க மனுவுல கமா போட்டாரு. போட்டுட்டு, இங்கிலீஷே வரல, உங்களுக்கு எதுக்கு வேலைன்னு கேட்டாரு. அத எழுதுனது நான்தான்."

எனக்கு அந்த வாத்தியார் மேல் அதுவரை இருந்த ஆத்திரம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருந்தது. வெயில் மலைப்பக்கம் இறங்கிவிட்டது. தம்பி மறுபடி வந்து தட்டினான். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமா அறைக்குப் பக்கத்து அறையில், கமா மாதிரியே இருந்து தலைக்கு மேல் ஒரு புள்ளி வைத்த எழுத்து நிறையக் கிடந்தது. நான் வந்த நாளிலிருந்து அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. தூசிதான் தட்டியிருக்கிறேன். ஈயம் மெத்தென்றுதான் இருக்கும். காகிதம் வெட்டுகிற கத்தியை எடுத்து, ஒரு எழுத்தின் புள்ளியை மட்டும் சீவினேன். கமா நின்றது.

"இன்னா பண்ற? எழுத்து கெடுது" என்று பாய் எழுந்து வந்தார்.

"இத யாரு கேக்கறா, பாய்? கெடந்து தூசி திங்குது."

"அது செமிகோலன். அதுக்கும் வேல இருக்குதும்மா" என்றார் வாத்தியார்.

"உங்க மனுவுல இருக்குதா, சார்?"

அவர் நாலு பக்கத்தையும் புரட்டினார். "இல்ல."

பாய் என்னைப் பார்த்தார். என் நனைந்த முந்தானையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி, "சீவு" என்றார்.

முப்பதுக்கு மேல் சீவினேன். இரண்டு முறை கத்தி விரலில் ஏறியது. கடைசிப் புரூஃபை வாத்தியார் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஊர் ஊராக விரல் வைத்துப் போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. "அடிங்க" என்றார்.

பாய் மெஷினை மிதித்து அச்சடித்து முடித்த பிறகுதான் தம்பி வந்தான். ஷட்டர் முழங்கால் உயரம் எழும்பியதுமே குனிந்து வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெட்டிப் போட்ட புளியமரங்களில் ஏறி இறங்கி, ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையையும் என் பிள்ளையையும் பாயில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். என் மகன் வயிறு உப்பித் தூங்கினான். அவளும் பால் கொடுக்கிறவள்தான்.

"யாரக் கேட்டுக் குடுத்த?" என்றேன்.

"அழுது அழுது அவன்தான் கேட்டான். தெருவே கேட்டுதே, ஒனக்குக் கேக்கல?" என்று சிரித்தாள்.

அவளுக்கு நான் கும்பிடு போட்டிருக்க வேண்டும். அன்று வாய் வரவில்லை. பிள்ளையைத் தூக்கி வந்து மடியில் போட்டுக்கொண்டேன். மார்பு கல்லாகக் கனத்தது. உதட்டில் வைத்துப் பார்த்தேன், வாயைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுப்பவும் மனம் வரவில்லை, கீழே விடவும் மனம் வரவில்லை. அவனுக்குப் பசி எடுக்கட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.