உதவி கேட்டு வந்தவள்

கொடைக்கானல் ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில், சமவெளியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளி கள மையம் ஒன்றை நடத்துகிறது. நான்கு அறைகள், ஒரு கூடம், தகரக் கூரை. அங்கே அலுவலக உதவியாளராக இருப்பவள் சுதாராணி. வயது நாற்பத்து மூன்று. அடுத்த மாதத்து நிகழ்ச்சிகளை மாதக் கடைசியில் தட்டச்சு செய்து வாசல் பலகையில் குத்தி வைப்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவள் வேலை. குழந்தைகள் உரிமை பற்றிக் கருத்தரங்கு, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதப் பயிற்சி, மாணவர்களுக்குக் கிராம முகாம், சனி ஞாயிறுகளில் நடக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறாள், ஒன்றிலும் உட்கார்ந்து கேட்டதில்லை. நாற்காலி போடுவாள், மைக்கைத் தட்டிப் பார்ப்பாள், பதினோரு மணிக்கு டீ கொண்டு போவாள். பேசுகிறவர்களின் பாதி வாக்கியங்கள்தான் அவள் காதில் விழும்.

போன ஐப்பசியில் அந்தப் பட்டியலில், ‘செவிகொடுத்துக் கேட்டல் – இரண்டு நாள் பயிற்சி, பொதுமக்களும் வரலாம்’ என்று ஒன்று இருந்தது. மையத்தின் பொறுப்பாளர் பேராசிரியர் மகாதேவியே நடத்தினார். மழையோடு மழையாக இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மாணவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் போக, மேல்மலையில் பூண்டு போடும் திருமலைச்சாமி என்ற வார்டு உறுப்பினரும் இருந்தார். ஊரில் வழக்குப் பேசப் போகிற இடத்தில் தான் ஒருவரே பேசிவிட்டு வருவதாக வீட்டில் குறை சொல்கிறார்கள், அதனால் வந்ததாக அறிமுகத்தின்போது சொன்னார்.

இரண்டாம் நாள் ஒருவர் உதவி கேட்டு வந்தவராக நடிக்க வேண்டும், இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். நடிக்க ஒத்துக்கொண்டிருந்த மாணவிக்குக் காய்ச்சல். காலி டம்ளர்களை எடுக்க வந்த சுதாராணியை மகாதேவி நிறுத்தினார்.

“சுதா, அஞ்சு நிமிஷம் இந்தச் சேர்ல உக்காருங்க. உங்களுக்கு ஒரு பிரச்சினை, அதைச் சொல்ல வந்திருக்கீங்க. அவ்வளவுதான்.”

“எனக்கு நடிக்கவெல்லாம் வராதுங்க மேடம். உள்ள சோலி கெடக்கு.”

“கற்பனையா ஏதாவது சொல்லுங்க போதும்.”

எதிர் நாற்காலியில் திருமலைச்சாமி கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிகாரப் புருஷன் என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் சுதாராணி நினைத்தாள். அந்தக் கூடத்தில் நடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் வாய் திறந்ததும் வேறொன்று வந்தது.

“எங்கப்பா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவரு. வர்றப்ப எனக்கு மூணு வயசு. இங்க மரம் வெட்டுற கூலி. வந்தவங்களுக்கெல்லாம் ஒரு குடும்ப அட்டை குடுத்திருந்தாங்க. எந்தச் சர்ட்டிபிகேட் வாங்கணும்னாலும் அந்த ஒரு அட்டைதான். எனக்கு இருபது வயசுல டைப்பிங் கிளாஸ்ல பீஸ் குறைப்பாங்கன்னு, அப்பாகிட்டச் சொல்லாம அதை எடுத்துட்டுப் போனேன், ஜெராக்ஸ் எடுக்க.”

தகரக் கூரையில் மழை வலுத்ததால் குரலைக் கொஞ்சம் உயர்த்தித் தொடர்ந்தாள்.

“ஜெராக்ஸ் கடையில கரண்ட் இல்ல. திரும்பி வர்றப்ப ஜீப் கிடைக்கல. நடந்தே வந்தேன், மழை. இடுப்புல சொருகியிருந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா மையெல்லாம் ஓடிக் கெடக்கு. அடுப்பு மேல காய வச்சேன், ஓரம் கருகிப் போச்சு. பயத்துல அடுப்புக்குள்ளேயே தள்ளிட்டேன். ரெண்டு வாரங் கழிச்சு எந்தம்பிக்குப் போலீஸ் செலக்சன். சாதிச் சான்று வேணும், அட்டையக் காணோம். முந்தின நாள் அட்டை வைக்கிற பொட்டியை அவன் தொறந்ததை அப்பா பாத்திருக்காரு. அவன்தான் தொலைச்சான்னு விறகுக் கட்டையால அடிச்சாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. மறுநா வெள்ளனே பஸ்ஸேறித் திருப்பூர் போனவன்தான். அப்பா செத்ததுக்கு வந்து ஓரமா நின்னுட்டுப் போனான்.”

திருமலைச்சாமி முன்னால் சாய்ந்தார். “தம்பி நம்பர் இருக்கா தாயி? வெரசா ஒரு போனப் போட்டுச் சொல்லிருங்க.”

“ஐயா, தீர்வு சொல்லக்கூடாது. கேட்க மட்டும்தான் செய்யணும்” என்று மகாதேவி நினைவூட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மகாதேவி கூட்டத்தைப் பார்த்து, “எவ்வளவு இயல்பா செஞ்சாங்க பாத்தீங்களா?” என்றதும் கை தட்டினார்கள். சுதாராணி எழுந்து டம்ளர்களை அடுக்கினாள். கை தட்டாத ஒரே ஆள் திருமலைச்சாமி.

டாக்ஸி ஓட்டும் கணவனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. இருபத்திரண்டு பேர் எதிரில் சொல்லியாகிவிட்டது, அதையும் நடிப்பென்று எடுத்துக்கொண்டார்கள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் அன்று பிற்பகல் முழுக்க அவளை அரித்தது. நான்கு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் தம்பி ராஜ்மோகனுக்குப் போன் செய்தாள்.

“சொல்லுக்கா. அம்மாவுக்கு ஏதாச்சுமா?” என்றான். அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் தையல் மெஷின்கள் பின்னால் இரைந்தன.

நடந்ததைச் சொன்னாள். கூடத்தில் சொன்ன அளவுக்கு நேராக வரவில்லை, தடுமாறியது. சொல்லி முடித்த பிறகும் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

“இத எங்கிட்ட எதுக்குக்கா சொல்ற?” என்றான் ராஜ்மோகன். “நான் தொலைக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லு.” போனை வைத்துவிட்டான்.

தெரியாதவர் என்று மிச்சமிருந்தது அம்மா அமிர்தவல்லி. சுதாராணியின் வீட்டில்தான் இருந்தாள். எழுபதைத் தாண்டியவள். மகன் பேச்சு வந்தால், ‘கார்டைத் தொலைச்ச பொடியன்’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். மூன்று நாள் வாயெடுக்க முடியாமல் போனது. நான்காம் நாள் சாயங்காலம், சிலோன் ரொட்டி தட்டுவதற்காக அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சுதாராணி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

அமிர்தவல்லியின் கை நின்றது. “அடுப்புலயா போட்ட?”

“ஆமாம்மா.”

“அதுல உங்கப்பா போட்டோ இருந்துச்சே. எளவயசு போட்டோ. அது ஒண்ணுதானேடி இருந்துச்சு.”

அன்றிலிருந்து அம்மா மகள் கையால் சாப்பிடவில்லை. மகள் சமைத்து முடித்த பிறகு, ஒரு சின்னச் சட்டியில் தனக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொண்டாள். “என்ன நடந்துச்சு ரெண்டு பேருக்கும்?” என்று கணவன் கேட்டான். அவனிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அவன், “இத்தனை வருஷமாவா?” என்று மட்டும் கேட்டான்.

அந்த நாட்களில்தான் மகாதேவி அவளைக் கூப்பிட்டு, மார்கழியில் இன்னொரு பயிற்சி இருக்கிறது, அதே மாதிரி உட்கார்ந்து பேச முடியுமா என்று கேட்டார்.

“அது நடிப்பில்லைங்க மேடம்” என்றாள் சுதாராணி.

மகாதேவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கேட்பது எப்படி என்று இருபது வருஷமாகச் சொல்லித் தருகிறவர். “நாங்க கை வேற தட்டினோம்” என்றார்.

“பரவால்லைங்க மேடம். சான்றிதழ்ப் படிப்புக்கு வயசு வரம்பு ஒண்ணும் இல்லைதானே? பாரத்துல எம்பேரும் எழுதிக்கிறேன்.”

பத்தாவது நாள் அமிர்தவல்லி, “அந்தப் பொடியனுக்குப் போனப் போட்டுக் குடு” என்றாள். சுதாராணி எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். உள்ளே அம்மா மன்னிப்பு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. திருப்பூரில் குளிர் இருக்கிறதா, பிள்ளை எத்தனாவது படிக்கிறாள், வந்தால் ஒரு ரொட்டி தட்டித் தருவேன் என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி மகள் வைத்த சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டாள்.

தை மாதம் ராஜ்மோகன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அம்மா அவன் இடது தோளைச் சட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்தாள். கட்டையடி விழுந்த இடம். அவன் தட்டில் மூன்று ரொட்டி வைத்து, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பலை அள்ளிப் போட்டாள். மற்றவர்கள் ஏரியில் படகு பார்க்கப் போன நேரத்தில் அக்காவும் தம்பியும் வாசலில் தனியே நின்றார்கள்.

“அப்பவே ஏன்க்கா சொல்லல?”

“அப்பா கையை நெனச்சுப் பயந்துட்டேன்டா.”

“அந்தக் கை எம்மேல விழுந்துச்சுல்ல.”

பயிற்சியில் சொல்வதுபோல் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். செலக்சன் போயிருந்தால் இந்நேரம் ஏட்டாகியிருப்பேன் என்றான், உயரம் மார்பளவு எல்லாம் சரியாக இருந்தது என்றான், திருப்பூரில் முதல் ஆறு மாதம் சாயப்பட்டறையில் படுத்தேன் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் எங்கேயும் குறுக்கிடவில்லை. ஏரிக்குப் போனவர்கள் திரும்பி வரும் பேச்சுச் சத்தம் கேட்டதும் அவனே நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் பேருந்து நிலையத்துக்கு எல்லோரும் போனார்கள். அமிர்தவல்லி ஜன்னல் ஓரம் நின்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “சித்திரை லீவுல வர்றோம்மா” என்று ராஜ்மோகன் அம்மாவிடம் சொன்னான். அக்காவைப் பார்த்துத் தலையசைத்தான். பஸ் வளைவு திரும்பியதும் அம்மாவும் மகளும் மேட்டுச் சாலையில் நடக்க ஆரம்பித்தார்கள். பாதி தூரத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சுதாராணி கையை நீட்டினாள், அமிர்தவல்லி பிடித்துக்கொண்டாள்.