ஊமல் கரியும் சிவக்கொழுந்து அக்காவின் கீரைப்பாத்தியும்

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைக்கே இருபத்தைந்து வருடமாகக் கீரை கொடுப்பவர் சிவக்கொழுந்து அக்கா. பிடியில் கஞ்சத்தனம் கிடையாது, வாயில் இரக்கம் கிடையாது. ‘முத்தல் கீரை’ என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் அடுத்த நாள் அவருக்குக் கீரை இல்லை.

அப்படிப்பட்டவர் போன தையில் கீரை கொடுப்பதை நிறுத்தினார். மண் பரிசோதிக்கும் பிரசாந்தி, அக்காவின் பாத்தியில் ஈயம் இருப்பதாக முடிவு கொண்டுவந்திருந்தாள். “கீரை ஈயத்தை உறிஞ்சும் அன்ரி, பிள்ளையளுக்குக் குடுக்கக் கூடாது” என்றாள்.

“ஆர் என்ரை மண்ணிலை ஈயம் போட்டது?” அக்கா ஒழுங்கை முழுவதையும் சந்தேகித்தார், என்னையும் சேர்த்துத்தான். மூன்றாம் நாள் அவருடைய கணவர் தியாகலிங்கம் அண்ணை வாயைத் திறந்தார்.

“நான்தானப்பா. சண்டைக்குள்ளை சாமான் வரத் தடை இருந்த காலத்திலை பழைய கார் பற்றரியளை உடைச்சு, மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்த்து வித்தனான். மிச்சக் கழிவை இந்தப் பாத்திக்குள்ளைதான் கிடங்கு வெட்டித் தாட்டனான்.”

அக்கா கத்தவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கு நஞ்சைக் கொடுத்துவிட்டேனே என்று அழுதார். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து, பயமில்லை என்றார்கள். ஆனாலும் அன்றோடு அக்கா அண்ணையுடன் கதைப்பதை விட்டுவிட்டார்.

பிரசாந்திதான் வழி சொன்னாள். புதைத்த கழிவைத் தோண்டி அகற்றினார்கள். மண்ணில் ஊறிப்போன ஈயத்தைக் கீரை உறிஞ்சாதபடி பிடித்துவைக்க ஒரு கரி வேண்டும். காய்ந்த பனங்கொட்டையான ஊமலை நொறுக்கி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைத்து, மூடிய பீப்பாவுக்குள் காற்று அதிகம் புகாமல் கருக்க வேண்டும். அத்தனையையும் அண்ணை தனியே செய்தார். சுண்ணாம்பு பட்டுக் கை வெந்து தோல் உரிந்தது. அக்கா நல்லெண்ணெய்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கரியைத் தூளாக்கி மண்ணோடு கொத்திக் கலந்து, திரும்ப விதைத்தார்கள். ஆவணியில் பிரசாந்தி ஓடிவந்தாள்.

“அன்ரி, இலையைச் சோதிச்சாச்சு. பயப்பிடாமல் சாப்பிடலாம்!”

அக்கா வரம்பிலேயே குந்திவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. எட்டு மாதமாகச் சந்தைக் கீரையைத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி என்னையும் மறித்தார்கள். முதல் அகப்பைக் கீரை அண்ணையின் சோற்றுக் கோப்பையில் விழுந்தது. அவர் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாக்கிறியள்? சாப்பிடுங்கோ. தாட்டது இனி எழும்பாது” என்றார் அக்கா.

எட்டு மாதத்தில் அவர் அண்ணையோடு கதைத்த முதல் வார்த்தை அது. அண்ணை தழும்பு விழுந்த கையால் சோற்றைக் குழைத்தார்.