மில் ஓய்ந்த காலை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில். ராத்திரி பகல் கிடையாது, எந்நேரமும் உறுமல்தான். சுவருக்கு இந்தப் பக்கம், தெர்மாகோலும் பழைய போர்வையும் அடித்த ஓர் அறையில் நான் பாட்டு ரெகார்டிங் செய்துகொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். மைக்கைத் திறந்தால் பாடுகிறவர் குரலை முந்திக்கொண்டு மில் வந்து நிற்கும். வருஷத்தில் ஆயுத பூஜையன்று ஒரு நாள் மட்டும் அது வாயை மூடும். அதனால்தான் அண்ணனை அன்றைக்கு வரச் சொன்னேன்.

அண்ணன் அதே மில்லில் ஃபிட்டர். ஆடி மாதம் பெரியபாளையம் கோயிலுக்குப் போகிற வேனில் அவர் இருந்தால் போதும், வழி முழுக்க அம்மன் பாட்டுதான். எல்லாம் அவரே கட்டியவை. ஒன்றைக்கூடப் பதிந்து வைத்ததில்லை. அந்த வருஷம் ஆடியில் பாடிக் கட்டிக்கொண்ட தொண்டை அப்புறம் திறக்கவேயில்லை. சென்னையில் டியூபை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும், அதற்கப்புறம் குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் மில் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு அடுத்த நாள் அவர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டாவது நிற்கட்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும்.

காலையில் கொஞ்ச நேரம்தான் அவருக்குக் குரல் தெளிவாக இருக்கும். அதை வீணாக்கக் கூடாது என்று முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து, வாயே திறக்காமல் சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தார். பூஜையன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் அறையைத் துடைத்து, மானிட்டர், கீபோர்டு, மைக் ஸ்டாண்டு என்று ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு ஆன் செய்தேன்.

பாட்டுக்கான இசையை முன்னாலேயே வாசித்து வைத்திருந்தேன். தபேலா, வயலின், புல்லாங்குழல், எல்லாம் பிளக்-இன். தனித்தனி வாத்தியப் பெட்டிகள் மாதிரி அவை இசை மென்பொருளுக்குள் வந்து உட்கார வேண்டும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. பிளக்-இன் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று திரை முழுக்க அதே வரி. கீபோர்டைத் தட்டினால் ஒரு சத்தம் கிடையாது.

போன மாதம் ஃபோல்டர் இடம் மாறி இப்படித்தான் ஆனது. அதனால் முதலில் அதைப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி தேடச் சொன்னேன். தேடித் தேடி, பாதியில் நின்றது. அணைத்துப் போட்டேன். அதே வரி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிடியிலிருந்து மறுபடி ஏற்றினேன். அந்தப் பச்சைப் பட்டை ஊர்ந்த ஊர்தலைப் பார்க்க வேண்டுமே! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரிதான். மில்லே வழிவிட்டது, இந்த டப்பா விடவில்லை.

"இன்னாமே, ஆவுமா ஆவாதா?" என்று வாசலில் நின்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நீ வேற பேஜாரு பண்ணாதய்யா. போய் நாஷ்டா துன்னு."

"மச்சான் துன்னாம குந்திக்கினு கீறாரே, நான் மட்டும் எப்பிடித் துன்றது?"

அண்ணன் பாயில் உட்கார்ந்து வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை இருமினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெருவில் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே தூக்கி மில் உலையில் போட்டுவிடலாமா என்று வந்தது.

அப்போதுதான் டாங்கிள் ஞாபகம் வந்தது. கட்டைவிரல் அளவு பூட்டு அது. கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருக்கும். அது உயிரோடு இருந்தால்தான் பிளக்-இன்கள் திறக்கும். எட்டிப் பார்த்தேன். இருந்தது, ஆனால் அதன் பச்சை விளக்கு எரியவில்லை. பிடுங்கினேன். கம்ப்யூட்டருக்குள் நுழைகிற அந்த உலோக மூக்கு முழுக்க ஈரச் சந்தனம்.

யார் வேலை என்று கேட்க வேண்டியதே இல்லை. மில்லில் ஸ்பேனர் வரைக்கும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்து மாட்டுகிற கை அது. இதையும் கழற்றித் துடைத்து, பளபளவென்று இருந்த இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்து, பத்திரமாகத் திரும்பச் செருகியிருக்கிறார். தன் குரல் நல்லபடியாகப் பதிய வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டேதான் செய்திருப்பார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த டாங்கிளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பாவம், அந்த முகம் சுண்டிப்போனதை என்னால் தாங்க முடியவில்லை. பஞ்சாலும் ஊசியாலும் துடைத்துத் துடைத்துச் செருகினேன். விளக்கு எரியவில்லை.

"வுடுமா," என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை. அதற்குள்ளேயே கரகரப்பு ஏறியிருந்தது. "மியூசிக் வாணாம். மைக்கப் போடு."

போட்டேன். தொடையில் தாளம் தட்டிப் பாடினார். மில் இல்லை, வாத்தியம் இல்லை, அந்தக் குரல் மட்டும். கடைசி அடியில் உடைந்தது. மறுபடி பாடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாங்கிள் நன்றாகக் காய்ந்தபின், அவருக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு அதன் விளக்கு எரிந்தது. எல்லா வாத்தியமும் ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து வரிசையில் நின்றன. ஆத்திரத்தில் அழுதேன். நான் வாசித்து வைத்த தாளத்துக்கு அவர் குரல் பொருந்தவில்லை. அந்தத் தாளத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, குரல் போன போக்கிலேயே எல்லாவற்றையும் புதிதாக வாசித்தேன்.

அண்ணன் பிழைத்தார். குரல் பிழைக்கவில்லை. பேசினால் காற்றுதான் வரும், கிட்டப் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் வந்தார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் மட்டும் போகவேயில்லை. நானே டாங்கிளைப் பிடுங்கி நீட்டினேன்.

"இதுக்கும் வைய்ண்ணா."

"வாணாம்மா," என்றது காற்று.

"வையின்றேன். மூஞ்சில வைக்காத, முதுவுல வை."

பிளாஸ்டிக் பக்கத்தில், கடுகளவு வைத்தார். நான் அதைச் செருகினேன், பச்சை எரிந்தது. பாட்டைப் போடு என்று கையைக் காட்டினார். பின்னால் மில் ஓய்ந்திருந்தது. அண்ணன் பாயில் உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துத் தன் பாட்டைக் கூடவே பாடினார்.