மகள் வீட்டுக்குப் போன அக்கா

இருபது வருடமாகத் தொலைக்காட்சி நாடகங்களில் நான்தான் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு கப் சீனி கேட்டு வந்து, அந்த வீட்டுச் சண்டையை முழுவதும் கேட்டுவிட்டு, சீனியை மறந்து திரும்புகிறவள். கதாநாயகி வேடம் ஒருமுறைகூட வந்ததில்லை. எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. படப்பிடிப்பு வந்தால் லீவு போட்டுவிடுவேன்.

போன வருடம் ஒரு காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பாதி முகம் அசையவில்லை. நரம்பு வீங்கியிருக்கிறது, சரியாகிவிடும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். மறுவாரம் படப்பிடிப்பு. என் நடிப்பே அந்த முகம்தான்.

இயக்குநரை அழைத்தேன். "அண்ணே, வேற ஆள பாத்துக்குங்க. எனக்கு வாய் கோணிப்போச்சு."

 "கதையில நீங்க நிபோங் திபால்ல மக வீட்டுக்குப் போயிருக்கீங்கன்னு எழுதிக்கிறேன்லா. நல்லானதும் வாங்க" என்றார்.

அப்படியே செய்தார். வாராவாரம் நாடகத்தில் யாராவது ஒருவர் "அக்கா எங்க?" என்று கேட்பார்கள். "இன்னும் மக வீட்டுலதான்" என்று பதில் வரும். வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வரும்.

மூன்று வாரம் தொழிற்சாலைக்கும் லீவு போட்டு வெளியே போகவில்லை. பிறகு மீன் வாங்க பசாருக்குப் போனேன். மீன்காரப் பெண் என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, அடுத்த நாடகத்துக்கு இந்த மூஞ்சியா?"

"நடிப்பு இல்லம்மா, நரம்பு."

அவள் கை மீன்மேல் அப்படியே நின்றுவிட்டது. "மன்னிச்சுக்குங்கக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா சிரிப்பு வந்துருச்சு, என்ன செய்ய" என்றாள்.

எனக்கும் வந்தது. பாதி வாயால் சிரித்தேன். நோய் வந்தபின் நான் முதலில் சிரித்தது அன்றுதான்.

நான்கு மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். இடது புருவம் மட்டும் வலதுக்குப் பின்னால், ஒரு நொடி தாமதமாக ஏறியது. முதல் காட்சியிலேயே கேமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். "வேணும்னா மறுபடி எடுக்கலாம், உங்க இஷ்டம்" என்றார் இயக்குநர். இருக்கட்டும் என்றேன்.

எனக்குப் பதில் வேறொருவரைப் போடச் சொல்லி தொலைக்காட்சி நிலைய மேலிடத்தில் நெருக்கினார்கள் என்பதும், இயக்குநர் மறுத்துவிட்டார் என்பதும் அவருடைய உதவியாளர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. இயக்குநரிடம் நேரில் போய் நன்றி சொன்னேன்.

"ஆள மாத்துனா எல்லாத்தையும் திரும்ப எழுதணும்லா" என்றார். "எனக்குச் சோம்பேறித்தனம்."

நான் அதை நம்பவில்லை. வாதாடவும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி வாங்கி வந்தேன்.