ஒரு படத்துக்கு ஒரே ஒரு குறை

பல்செட் அக்காவிடம் படத்தைக் காட்டி, 'பிரமாதம்' என்ற ஒற்றை வார்த்தையை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பவர்கள், ஐயோ பாவம், போட்டோ சங்கத்துக்குப் புதியவர்கள்.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் நாள் முழுக்கப் பல்செட் செய்வது அவள் வேலை. ஒரு பல் முடியிழை அளவு தூக்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கண்ணோடுதான் ஞாயிறு காலையில் டிரைவிங் ஸ்கூல் மாடிக்கு வருவாள். சங்கம் கூடுவது அங்கேதான். ஆளுக்கொரு படம் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

ஆரம்பத்தில் அவளுக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. டெய்லர் அண்ணன் ஆசை ஆசையாக எடுத்துவந்த படத்தில் ஒரே மூச்சில் ஒன்பது குறை சொன்னாள். ஒன்பதும் நியாயம்தான். ஆனால் மனுஷன் மூன்று மாதம் மாடிப்படி மிதிக்கவில்லை. தாங்குமா அவளுக்கு? நேரே அவர் கடைக்குப் போய், "தப்பு என்னோடதுண்ணே, வாங்க" என்று கூட்டிவந்தாள். அன்றிலிருந்துதான் இந்த வழக்கம்: முதலில் கண்ணில் பட்டது என்ன என்று சொல்வாள், பிறகு பிடித்தது என்ன என்பாள், கடைசியாக ஒரே ஒரு குறை. "ஒன்பது சொன்னா எதைத் திருத்துவாங்க? ஒண்ணு சொன்னா வீட்டுக்குப் போற வழியிலேயே திருத்திடுவாங்க."

அப்படித் திருத்தியவர்கள்தான் இன்றைக்கு வருடாந்தரக் கண்காட்சியில் படம் மாட்டியிருக்கிறார்கள். சொன்ன அக்காவின் படம் மட்டும் பதினோரு வருடமாகத் தேர்வாகவில்லை. ஏன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் படம் கயிற்றில் ஏறினால் போதும், "சூப்பர்க்கா!" என்று கோரஸாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வீட்டுக்காரரிடம் காட்டினால், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நல்லாத்தானே இருக்கு." எரிச்சலாக வராதா?

இந்த வருடமும் இல்லையென்றால் கேமராவை மூட்டை கட்டிவிடுவது என்று அவள் முடிவே செய்துவிட்டாள். தேர்வுக்குப் படம் கொடுக்க அடுத்த சனிக்கிழமைதான் கடைசி நாள்.

அதற்கு முந்தின ஞாயிறு அவள் கொண்டுவந்த படம்: ஒரு சலூன். சவரக் கத்தியோடு சலூன்காரர், நாற்காலியில் முகம் நிமிர்த்திய பெரியவர், கண்ணாடியில் இரண்டு பேரும் இன்னொரு தடவை. எதிர்ப்பக்க நடைபாதையில் மூன்று வாரம் கால் கடுக்க நின்று எடுத்தது.

"சூப்பர்க்கா!" என்றது கூட்டம். நாற்காலிகள் நகர்ந்தன.

டெய்லர் அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போனார், பின்னால் வந்தார், தொண்டையைச் செருமினார்.

"வெளிச்சம், ஓரம் வெட்டினது, எல்லாம் கச்சிதம்மா. ஆனா நீ ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுட்ட. அவங்க யாரு, எவருன்னு உனக்கே தெரியலை. அது படத்துல தெரியுது."

அக்காவுக்குக் காது வரை சூடேறியது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சட்டம் சட்டம்தானே! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நிற்க நிற்கத்தான் பதினோரு வருடப் படங்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தது, மொட்டை மாடியிலிருந்து எடுத்தது, தூணுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. ஒரு ஆள்கூட கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"ரொம்ப நாளா."

"பின்ன ஏன் சொல்லலை?"

"உன்கிட்டப் போய் யாரும்மா குறை சொல்றது? பயம்தான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானம் இல்லை அது. அப்பாடா, ஒருத்தராவது தன் படத்தை நிஜமாகப் பார்த்தாரே என்ற நிம்மதி.

மறுநாள் மதிய இடைவேளையில், நகக்கண்ணில் ஒட்டியிருந்த பல்செட் மாவைக்கூடக் கழுவாமல் கிளம்பினாள். எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து, சலூன் வாசலில் போய் நின்றாள்.

"கொஞ்ச நேரம் உள்ள உட்காரலாமா?"

சலூன்காரர் சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். உள்ளே அதே பெரியவர், கழுத்தில் வெள்ளைத் துணியோடு. பேச்சுச் சத்தம் வந்த பக்கமாக அவர் முகம் திரும்பியது, கண்கள் திரும்பவில்லை. பார்வை இல்லாதவர். மூன்று வாரம் நின்று பார்த்தவளுக்கு இது தெரியாமல் போய்விட்டதே!

"யாருப்பா வந்திருக்கிறது?" என்றார் பெரியவர்.

"எதிர்ல நின்னு நம்மளைப் படம் எடுப்பாங்கன்னு சொல்வேனேப்பா, அவங்கதான்."

"அட, வந்துட்டியாம்மா!" பெரியவர் காற்றில் கையை நீட்டினார். "வெயில்ல நிக்குதே அந்தப் பொண்ணு, உள்ள கூப்பிடுடான்னு இவன்கிட்ட தினமும் சண்டை போட்டேன்."

அக்கா கேமராப் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.