அரியலூரில் இன்று சர்வர் டவுன்

வருமானச் சான்றிதழுக்காக இன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் செந்துறையிலிருந்து வந்த ஒரு அப்பாவும் மகளும். மகளின் மேற்படிப்புக்கு விண்ணப்பம்.

"மூணு வருசம் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கு. எம்.எஸ்சி.யும் அதையே போடும்மா. சிமெண்ட் கம்பெனி லேப்ல வேலை கெடைக்கும்" என்றார் அப்பா, கம்ப்யூட்டர் முன் இருந்த சென்டர் அக்காவிடம்.

"லேப்ல நிக்கவே புடிக்கலப்பா. எனக்கு இது வேணுமான்னே தெரியல" என்றாள் மகள், மெதுவாக.

அவர் காதில் விழவில்லை. அல்லது விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சென்டர் அக்காவின் கை மவுஸிலேயே நின்றது. "அடடா, சர்வர் டவுன்ணே. அரை மணி நேரம் ஆவும். ரெண்டு பேரும் எதிர்க்கடையில டீ குடிச்சுட்டு வாங்க."

அவர்கள் போனதும் திரையை எட்டிப் பார்த்தேன். "அக்கா, நல்லாத்தான வேலை செய்யுது?"

"செய்யும். சப்மிட் குடுத்துட்டா மாத்த முடியாது. அப்புறம் அந்தப் புள்ள தனியா வந்து எங்கிட்ட அழுவும். வருசா வருசம் பாக்குறேன்ல?"

டீக்கடையில் மகள் பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா டம்ளரைக் கையில் வைத்தபடி குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும், "கடைசித் தேதி என்னைக்கும்மா?" என்றார்.

"வெள்ளிக்கிழமைண்ணே."

"அப்ப வியாழக்கிழமை வரோம். இன்னும் பேசி முடிக்கல."

நான் எம்.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பித்ததும் இதே ஊரில்தான், வேறொரு சென்டரில். அன்றைக்குப் பார்த்து சர்வர் பிரமாதமாக வேலை செய்தது.

உங்களுக்கு எப்படி?